மேல் ஓரத்தில் ஒரு புள்ளி

வாட்ச் ரிப்பேர்காரர் தீக்குச்சியைக் கிழித்தார். காலையிலிருந்து அவர் எரிப்பதில் இது பதினோராவது தபால்தலை. பழுப்பு ஏறிய ஒன்றை ஆல்பத்தில் விட்டுவைத்தால், பக்கத்தில் இருப்பதையும் அது சும்மா விடாது.

மருந்துத் தண்ணீரில் முக்கி எடுத்து, ஒற்றுத்தாளில் உலர்த்தி, எல்லாம் செய்து பார்த்தாயிற்று. கண்ணில் லென்ஸைச் செருகிக் குனிந்தால், அந்தப் பழுப்புப் புள்ளி இருந்த இடத்திலேயே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தது.

முப்பது வருஷம் கடிகாரம் பிரித்த கை அவருடையது. லென்ஸை எடுத்தால் அது தானாக வலது கண்ணுக்குத்தான் போகும். மற்றவர்கள் வெறுங்கண்ணால் பார்த்து நல்லது என்று நினைப்பதில்கூடத் தனக்குப் பழுப்பு தெரிந்துவிடும் என்பதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்.

பழி முழுக்க மனைவி தலையில் விழுந்தது. மழை நாளில் அலமாரிப் பக்கத்து ஜன்னலைச் சாத்த மறந்தவள் அவள்தானே. இருபது நாளாக அவளுக்கு அவர் முகம் கொடுக்கவில்லை. நேற்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லிவிட்டு, மகள் வீட்டுக்கே போய்த் தொலையச் சொன்னார். அவள் துணிகளை எடுத்து வைக்க ஆரம்பித்தாள்.

இப்போது பெட்டியும் கையுமாக வாசற்படியில் நின்றாள். முந்நூறு இருந்த ஆல்பத்தில் மிச்சம் ஒன்றே ஒன்று. கல்யாணத்துக்கு முன்னால் அவள் போட்ட முதல் கடிதத்திலிருந்து அவர் பிரித்தெடுத்தது.

அவர் அதையும் இடுக்கியால் தூக்கினார்.

"அதையுமா?" என்றாள்.

"பின்னே, கொஞ்சச் சொல்றியா?"

எரிக்கும் முன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். கைபட்டால் வேர்வை ஒட்டும் என்று இத்தனை வருஷமாக அவளை அந்த மேஜைக்கே அண்டவிட்டதில்லை. இனி ஒட்ட என்ன இருக்கிறது என்று லென்ஸைக் கழற்றி நீட்டினார்.

"நல்லாப் பாரு. நீ பண்ணி வச்ச வேலைதான்."

அவள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். தபால்தலையைத் திருப்பிப் பார்த்தாள். வெளிச்சத்துக்குக் கொண்டுபோயும் பார்த்தாள்.

"எங்கங்க இருக்கு?"

"மேல் ஓரத்துல, நட்டநடுவுல. எல்லாத்துலயும் அதே இடத்துலதான் வந்துச்சு. கண்ணு அவிஞ்சா போச்சு உனக்கு?"

அவள் கிண்ணத்தில் குவிந்திருந்த சாம்பலைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். பெட்டியை மெல்லக் கீழே வைத்துவிட்டு, லென்ஸை அவர் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"ஒரே ஒரு தடவை, இடது கண்ணுல வச்சுப் பாருங்க."