பன்னிரண்டு லிட்டர்

“வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“தலைவலிச்சாக்கூட ஒரு மாத்திரை வாங்கிப் போடறதில்லீங்க டாக்டர்,” என்றார் மருதாசலம்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி சாந்தாமணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் ஃபஹீமா ரிப்போர்ட்டுகளைப் புரட்டினார். மருதாசலத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. மதுக்கரையில் ஒரு பம்ப் செட் கம்பெனியில் லேத் ஓட்டுகிறார். மூன்று மாதமாக ஒரு நாளைக்குப் பன்னிரண்டு லிட்டர் தண்ணீர் குடிக்கிறார். குடித்ததெல்லாம் அப்படியே சிறுநீராகப் போய்விடுகிறது. அரை மணிக்கு ஒருமுறை மெஷினை நிறுத்திவிட்டு ஓடுவதைப் பார்த்துச் சூப்பர்வைசர் இரண்டு முறை எச்சரித்துவிட்டார். பஸ்ஸில் ஏறவே அவருக்குப் பயம்.

“எல்லாரும் சர்க்கரைதான்னு சொன்னாங்க,” என்றாள் சாந்தாமணி.

“சர்க்கரை துளிகூட இல்லீங்க. ‘தண்ணியைப் பிடிச்சு வை’ன்னு மூளையில இருந்து ஒரு ஹார்மோன் வந்து கிட்னிக்குச் சொல்லும். இவருக்கு ஒண்ணு அந்த ஹார்மோன் வரலை. இல்லைன்னா, வந்தும் கிட்னி கேட்கலை. எதுன்னு தெரியணும்னா இன்னிக்குத் தண்ணி குடுக்காம வெச்சுப் பார்க்கணும்.”

“தண்ணி இல்லாமயா? அரை மணி நேரம் தாங்க மாட்டாருங்களே!”

“நாங்க பக்கத்துலயே இருப்போம்மா. மணிக்கொரு தடவை எடை, ரத்தம் எல்லாம் பார்ப்போம். ரொம்ப முடியலைன்னா உடனே நிறுத்திடலாம்.”

காலை எட்டு மணிக்குத் தொடங்கினார்கள். பத்து மணிக்கெல்லாம் மருதாசலத்தின் உதடு காய்ந்து வெடித்துவிட்டது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு பேச்சு குழறியது. ஆனாலும் சிறுநீர் மட்டும் நிற்கவில்லை.

“சாந்தா, வாயை நனைச்சுக்க ஒரு சொட்டுக் குடு புள்ள.”

அவள் நர்ஸைப் பார்த்தாள். நர்ஸ் தலையசைத்து மறுத்தாள்.

“உங்க ஊட்டுக் கல்யாணத்துலகூட என்னை இப்படிக் காயப்போடலையே,” என்று சிரிக்கப் பார்த்தார். உதட்டில் ரத்தம் கசிந்தது.

பதினோரு மணிக்கு எடை பார்த்த நர்ஸ், “ஒன்றரைக் கிலோ குறைஞ்சிருச்சு,” என்று எழுதிக்கொண்டாள்.

சாந்தாமணியால் அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்து நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். டாக்டர் அறைக்கதவு வரை இரண்டு முறை போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

அதன் பிறகு ஓர் ஊசி போட்டார்கள். மேலும் ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார்.

“தண்ணி குடுக்கச் சொல்லிட்டேம்மா, குடிச்சுட்டு இருக்காரு. அந்த ஹார்மோனை ஊசியாவே போட்டுப் பார்த்தாச்சு. அப்பவும் சிறுநீர் பச்சைத் தண்ணியாட்டந்தான் போகுது. கிட்னிதான் கேட்கலை. நெஃப்ரோஜெனிக் டயாபடிஸ் இன்சிபிடஸ்னு பேரு. பேருலதான் டயாபடிஸ், சர்க்கரை வியாதி இல்லை.”

“எதனாலீங்க?”

“அதுதான் புரியலை. பொறவியிலயே இருந்திருந்தா கைக்குழந்தையிலயே தெரிஞ்சிருக்கும். இந்த வயசுல புதுசா வருதுன்னா பெரும்பாலும் ஏதோ மருந்துதான் காரணமா இருக்கும். இவரோ எதையும் தொடறதில்லைங்கறாரு. காரணம் தெரியாம இப்படியே விட்டா கிட்னி மொத்தமா கெட்டுப்போகக்கூட வாய்ப்பு இருக்கு.”

சாந்தாமணி கையிலிருந்த பர்ஸைத் திறந்தாள்.

“டாக்டர்... அவரு பொய் சொல்லலீங்க. அவருக்குத் தெரியாதுங்க.”

“என்ன தெரியாது?”

பர்ஸுக்குள் மடித்து வைத்திருந்த மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினாள். டாக்டர் திருப்பிப் படித்தார். லித்தியம்.

“ஆறு வருசத்துக்கு முன்னால பதினோரு நாள் பொட்டுத் தூக்கம் இல்லாம பேசிட்டே இருந்தாருங்க. கடைசியில கம்பெனிக் கூரை மேல ஏறி நின்னுட்டாரு. மனநல டாக்டர் இதை எழுதிக் குடுத்தாரு. ‘நான் என்ன பைத்தியமா?’ன்னு தூக்கி வீசிப்போட்டாருங்க. எனக்கு வேற வழி தெரியலை. தெனமும் பொடிச்சு ரசத்துல கலந்து ஊத்திட்டு இருக்கேன். மனுசன் நல்லாயிட்டாரு. அப்பப்ப ரத்தம் பார்க்கோணும்னு சொன்னாங்க. என்ன சொல்லி இவரைக் கூட்டிட்டுப் போவேன்? பழைய சீட்டைக் காட்டியே வாங்கிட்டு இருந்துட்டேனுங்க.” முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “என் கையாலயே அவரு கிட்னியைக் கெடுத்துப்போட்டேனுங்களா?”

“கிட்னி கேட்காமப் போனது இந்த மாத்திரையாலதான். இப்பவாவது சொன்னீங்களே. இனி வைத்தியம் பண்ணலாம். நான் அந்த டாக்டர்கிட்டயும் பேசறேன். பயந்துட்டு நீங்களா திடீர்னு நிறுத்திடாதீங்க,” என்ற ஃபஹீமா, அவள் தோளைத் தொட்டார். “ஆனா அவர்கிட்ட நீங்களே சொல்லிடணும்மா. இனிமே அவருக்குத் தெரியாம எதுவும் குடுக்கக் கூடாது.”

வார்டுக்குள் நடந்த இருபது அடியில், தன் வாழ்க்கையே முடிந்துபோய்விட்டதாகச் சாந்தாமணி நினைத்தாள். இனி தன் கையால் ஒரு வாய் சோறு வாங்கிச் சாப்பிடுவாரா?

மருதாசலம் இரண்டாவது பாட்டிலையும் காலி செய்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பின்னால் நின்ற டாக்டரைப் பார்த்தார்.

“மாத்திரை பேரை டாக்டர்கிட்டச் சொல்லிப்போட்டயா சாந்தா?” என்று மெதுவாகக் கேட்டார். “நீ ரசத்துல கலக்கறது எனக்கு மொத வாரமே தெரியும். அதாலதான் நல்லா இருக்கேன்னும் தெரியும். தெரியும்னு சொன்னா எங்க நீ நிறுத்திப்போடுவியோன்னு பயந்துதான் புள்ள, இத்தனை வருசமா வாயே தொறக்கலை.”