முறுக்காத போல்ட்

“இன்னும் ஒரே அழுத்து. அதோட உன் கதை முடிஞ்சுது” என்று பல்லைக் கடித்துக்கொண்டு பிரஸ்ஸின் கைப்பிடியை இறக்கினான் கணவன். படாரென்று ஒரு சத்தம். காபி டம்ளரோடு ஷெட் வாசலில் நின்ற மனைவி ஓரடி பின்வாங்கினாள்.

கீழே விழுந்தது என்னவோ தேய்ந்துபோன ஒரு ரப்பர் புஷ்தான். அவள் அப்பாவுடைய காரில், சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் ஆர்மில் வருஷக்கணக்காக ஒட்டிக்கொண்டு கிடந்தது. ஆனால் அதை அவன் காலால் எத்தித் தள்ளிய விதம் வெறும் ரப்பரை எத்திய மாதிரி இல்லை.

கோபம் இருக்காதா பின்னே? மாமனார் கடையில் மாடாய் உழைத்தவன். குடோனில் செம்புக் கம்பிச் சுருள்கள் காணாமல் போக, “மாப்பிள்ளை மேலதாம்ப்பா எனக்குச் சந்தேகம்” என்று அவள் அண்ணன் கைகாட்ட, மாமனார் முன்பின் யோசிக்கவில்லை. நாலு பேர் பார்க்க, திருடன் என்று சொல்லி வெளியே அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து இவன் வீட்டில் சரியாகச் சாப்பிடுவதில்லை, பேசுவதில்லை. வாயைத் திறந்தால் ஒரே பேச்சுதான். இதுக்குப் பழி வாங்காமல் விடமாட்டேன்.

அப்படிப்பட்டவன் போன வாரம் தானாகவே, உங்கப்பா வண்டியைக் கொண்டுவரச் சொல்லு, நானே சரி பண்ணித் தருகிறேன் என்றபோதே அவளுக்குச் சுருக்கென்றது. தன் பழைய வேனை மெக்கானிக்கிடம் விடாமல் வீட்டிலேயே பார்த்துக்கொள்ள அவன் வாங்கிப் போட்டதுதான் அந்த ஹைட்ராலிக் பிரஸ். கைப்பழக்கமும் இருந்தது. அப்பாவோ எச்சில் கையால் காக்கா ஓட்டாதவர். திருடன் வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன் என்று சபதம் போட்ட மனுஷன், ஓசி என்றதும் மிதித்துவிட்டார்.

பாவம், அந்த வண்டியும்தான் எத்தனை நாள் கதறும்? எந்தப் பள்ளத்தில் இறங்கினாலும் ‘கிறீச்... லொடக்’தான். அது கேட்டால் போதும், குடோனில் சீட்டுக்கட்டு மறையும், தூங்கினவன் எழுந்து மூட்டையைத் தூக்குவான். பள்ளிக்கூடம் போன காலத்தில் இவளும் அந்தச் சத்தம் கேட்டுத்தான் டி.வி.யை அணைத்துவிட்டுப் புத்தகத்தை எடுப்பாள்.

புது புஷ்ஷில் சோப்புத் தண்ணீர் தடவி, பிரஸ்ஸில் வைத்து, கோணாமல் இறங்குகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்து ஏற்றினான். பிறகு ஆர்மைக் காரில் மாட்டினான். போல்ட்டுகளைக் கையால் மட்டும் சுற்றிவிட்டு, ஸ்பேனரை ஓரமாக வைத்தான்.

“முறுக்கலையா?”

“இப்ப முறுக்கக் கூடாது” என்றபடி ஜாக்கியை இறக்க ஆரம்பித்தான்.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். “அவர் என்ன சொல்லியிருந்தாலும் எனக்கு அப்பாங்க.”

“எனக்கு மாமனார்” என்றான் நிமிராமல். “மறந்துட்டேன்னா நினைக்கிற?”

அதற்குள் வாசலில் அப்பாவின் குரல் கேட்டது. அவள் ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்து, இன்றைக்கு ஓட்ட வேண்டாம், ஒரு மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு எடுங்கள் என்று மன்றாடிப் பார்த்தாள். மெக்கானிக் சும்மா பார்ப்பானா என்று கேட்டுவிட்டார் அவர். திரும்பி வந்தபோது கணவன் கையைத் துடைத்துக்கொண்டு சாவியோடு நின்றான்.

“நேரா குடோனுக்கா?” என்று மாமனாரிடம் கேட்டான். அந்தச் சண்டைக்குப் பிறகு அவரிடம் அவன் பேசிய முதல் பேச்சு.

“என் குடோன். எப்ப வேணா போவேன்” என்று வெடுக்கென்று சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

கார் தெருமுனைப் பள்ளத்தில் இறங்கி ஏறித் திரும்பும்வரை அவள் வாசலில் நின்று பார்த்தாள். பூனை மாதிரிப் போனது. அவள் உள்ளே வந்து தெரிந்த சாமிகளையெல்லாம் வேண்டிக்கொண்டாள். கணவன் அவள் போட்ட காபி ஆறிப்போனது தெரியாமல், போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

போன் அடித்தது. அம்மா.

“குடி முழுகிடுச்சுடீ! உங்கப்பா குடோன் வாசல்லயே சரிஞ்சு உட்கார்ந்துட்டாருடீ...”

போனைக் காதில் வைத்தபடியே அவள் கணவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். “பாவி, எங்கப்பாவை...” என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அந்தப் பக்கம் அம்மா இன்னும் அழுதுகொண்டிருந்தாள்.

“உங்கண்ணன்டீ. பின்வாசல்ல டெம்போவை நிறுத்தி, செம்புச் சுருளைத் தன் கையாலயே ஏத்திட்டு இருந்திருக்கான். அப்பா பின்னால போய் நிக்கிற வரைக்கும் அவனுக்குத் தெரியலையாம். அத்தனை பேர் முன்னாலயும் வெளிய போடான்னுட்டாரு.”

சட்டையைப் பிடித்த கை தானாக நழுவியது. கணவன் ஆறிப்போன காபியை எடுத்து ரசித்துக் குடித்தான். இத்தனை நாளில் அவன் முகத்தில் சிரிப்பைப் பார்ப்பது இப்போதுதான்.

“அந்த போல்ட்டு...” என்றாள் அவள்.

“சக்கரம் தரையில நின்னப்புறம்தான் அதை முறுக்கணும். நீ அப்பாவுக்குத் தண்ணி கொடுக்கப் போனப்ப நல்லாவே முறுக்கினேன்.”

“அப்போ வண்டியில என்னதான் பண்ணீங்க?”

“சத்தத்தை மட்டும்தான் எடுத்தேன்.”