வலது பக்க சீட்டு

"பிள்ளையைக் காவு வாங்கின காரை வித்துத் தொலைங்கன்னு எத்தனை தடவை சொல்ல…"

"இடது பக்க ஸ்டியரிங் வச்ச வண்டியை இங்கன எவன் வாங்குவான்? எங்கப்பா கப்பல்ல கொண்டுவந்த எழுபத்துநாலு மாடல் இம்பாலா காருளா இது!"

"உப்புக்காத்துல துருப்பிடிச்சு உதிருது. இதுக்கு உக்காந்து பட்டி பூசித் தேய்க்கிய!"

"காரு என்னளா செய்யும்? குடிச்சிட்டு, சாவியைப் பிடுங்கி ஓட்டினது உன் மவன்," என்றார் வில்பிரட்.

இசபெல்லாவின் மகன் அனிஷ் செத்து இன்றோடு ஒரு வருஷம். பெற்ற தகப்பனையும் சேர்த்துக் கொல்லப் பார்த்தவன் என்று ஊரே பேசியதில், அவன் கல்லறையில் அவள் ஒரு மெழுகுவர்த்திகூட ஏற்றவில்லை. இன்றைய பூசைக்கும் வரமாட்டேன் என்று காலையிலேயே சொல்லிவிட்டாள்.

வாசலில் ஒருவர் தயங்கி நின்றார்.

"அம்மா, நான் இசக்கியப்பன். ஆறுமுகநேரி உப்பளத்துல வேலை. இன்னைக்குத் தம்பிக்குப் பூசைன்னு கேள்விப்பட்டு வந்தேன். அன்னைக்கு லாரியில மோதினதும் முதல்ல ஓடி வந்தது நான்தான். காரு முன்பக்கம் அப்பளமா நொறுங்கிட்டு. அண்ணாச்சி ரோட்டுல விழுந்து கிடந்தாவ. தம்பியை வலது பக்க சீட்டுலருந்துதான் இழுத்து எடுத்தேன். டிரைவர் போயிட்டாருன்னு எல்லார்ட்டயும் சொன்னதும் நான்தாம்மா."

காரைத் தேய்த்துக்கொண்டிருந்த வில்பிரட்டின் கையில் உப்புத்தாள் அப்படியே நின்றது.

இசபெல்லா காரைச் சுற்றி வந்து, இடது பக்கக் கதவைத் திறந்து, ஸ்டியரிங்மேல் கையை வைத்தாள்.

"ஏங்க, அன்னைக்கு இந்த இடத்துல உக்காந்திருந்தது யாரு?"