தொங்கோட்டம்

மக்காவில் தொங்கோட்டத்தின் ஐந்தாவது நடையில் சம்சாத்துக்குக் கால்கள் தன்னுடையவை போலவே இல்லை. சபா குன்றுக்கும் மர்வா குன்றுக்கும் இடையே ஏழு நடை. ஏழையும் மாமியாரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளியே முடிக்க வேண்டும். ஓத வேண்டிய துஆக்கள்கூட அலுப்பில் மறந்துபோய், முன்னால் தெரிந்த மாமியாரின் வெள்ளை முக்காட்டையே பார்த்துக்கொண்டு தள்ளினாள். ஹஜ்ஜுக்குக் கிளம்புமுன் அவள் மாமியார் செய்யதலி பாத்திமா தெருவில் வீடு வீடாக ஏறி, செய்த பிழையைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டிருந்தாள். மீன்காரியிடம்கூடக் கேட்டாள். மருமகளிடம் மட்டும் கேட்கவில்லை.

“கொஞ்சம் நிறுத்து,” என்றாள் மாமியார். ஓரமாக நிறுத்தியதும் தட்டுத்தடுமாறி இறங்கி நின்றாள். “நீ உக்காரு. கொஞ்ச தூரம் நான் தள்ளுறேன்.”

“உங்களால முடியாது மாமி.”

“உக்காருன்னு சொல்றேன்லா.”

மறுத்துப் பேசத் தெம்பில்லாமல் சம்சாத் உட்கார்ந்தாள். நாற்காலி அசைந்து, நின்று, மறுபடி அசைந்தது. பின்னால் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. அப்புறம் குரல் வந்தது.

“உங்க வாப்பா மவுத்தான அன்னைக்கு, வீட்டுல விருந்து இருக்குன்னு உன்னைச் சாயங்காலம் வரைக்கும் அனுப்பாம வச்சிருந்தேன். நீ போறதுக்குள்ள அடக்கிட்டாங்க.”

சம்சாத் திரும்பிப் பார்க்கவில்லை. பொறுத்துக்கொண்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கால்கள் இரண்டையும் மெதுவாகத் தரையில் இறக்கி, மாமியாருக்குத் தெரியாமல், உட்கார்ந்தபடியே தரையை உந்தி நாற்காலியோடு சேர்ந்து நடக்கத் தொடங்கினாள்.