பசை

மலைப்பாதையில் சைக்கிள் விடும் அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் எங்கே விழுகிறாரோ, அந்த இடத்துக்கு அவருடைய பட்டப்பெயர். ஆனால் பார்த்தவர்கள் எல்லோரும் சிரித்தால்தான் பெயர் செல்லும்.

புதிதாக வந்த பெண்ணுக்குத் தபால்காரர் வழிநெடுகக் காட்டிக்கொண்டே வந்தார். "இது பல் டாக்டர் பள்ளம். அவருக்கே ரெண்டு பல்லு போச்சு. அது தூங்குமூஞ்சி வளைவு."

"விழாதவங்களுக்கு?"

"ஒண்ணும் கிடையாது. பசைன்னு ஒருத்தர், பதினோரு வருஷத்துல ஒரு தடவைகூட விழலை. சீட்டுல ஒட்டிவெச்ச மாதிரி இருப்பாரு. போன மாசம் ஹார்ட் அட்டாக். நாற்காலியில உட்கார்ந்தபடியே போயிட்டாராம். அவர் பேர்ல இங்க ஒரு கல்லுகூட இல்ல."

அவள் தலையாட்டினாள்.

மலையிறங்கிய பிறகு, குழந்தைகூட விழாத சமதரையில் அவள் தடாலென்று விழுந்தாள். முழங்கையில் ரத்தம். வலிக்கவில்லை. ஒரு மாதமாக அவளுக்கு எதுவுமே வலிப்பதில்லை.

எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தபால்காரர் சாக்பீஸை எடுத்தார். "இங்க போயி விழுந்தீங்களே. சரி, என்ன பேரு எழுதட்டும்?"

"பசைன்னு எழுதுங்க."

"அது விழாதவர் பேரும்மா."

"விழுந்தது அவரோட சைக்கிள்தானே."

தபால்காரர் குனிந்து பார்த்தார். கறுப்புப் பெயிண்ட் உரிந்த இடத்தில், பதினோரு வருஷம் தனக்கு முன்னால் போன சைக்கிளின் பச்சை தெரிந்தது.

"தெரிஞ்சிருந்தா யாரும் சிரிச்சிருக்க மாட்டீங்க" என்றாள் அவள். "அதான் கறுப்பு அடிச்சேன்."

அந்த இரண்டு எழுத்தை எழுத அவருக்கு வெகுநேரம் ஆனது.