பலகை எடுத்த காலை

மஞ்சள் பலகையைக் காணோம்.

தெரிந்ததுதான். டியூட்டிக்குக் கையெழுத்துப் போடும்போதே சொல்லிவிட்டார்கள். கால்வாய்ப் பாலத்து வேலை முடிந்தது. பலகையில் இருந்த, மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகக் கட்டுப்பாடு இதோடு சரி. இனி பழையபடி எண்பது. எண்பதில் முதலில் போகிற மின்ரயில் அவளுடையது.

மற்ற மோட்டார்மேன்கள் கைதட்டாத குறை. ஒரு வருஷமாக அந்த இடத்தில் ஊர்ந்து ஊர்ந்து எல்லாருக்கும் அலுத்துப் போயிருந்தது.

அவளால்தான் சந்தோஷப்பட முடியவில்லை.

பாலத்தை ஒட்டிக் குடிசைகள். குடிசைகள் இந்தப் பக்கம், தண்ணீர்க் குழாய் அந்தப் பக்கம். நடுவில் தண்டவாளம். வண்டி வளைவில் தலைகாட்டினாலும் யாரும் பதற மாட்டார்கள். முந்தானையைச் செருகி, குடத்தை இடுப்பில் ஏற்றி, பக்கத்தில் நிற்பவளிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுக்கூடத் தாண்டலாம். அவ்வளவு நேரம் இருக்கிறது என்று அவர்கள் கால்களுக்குத் தெரியும்.

இருபதுக்குப் பழகிய கால்கள்.

எண்பதில் வந்தால்? அவள் மனக்கணக்குப் போட்டுப் பார்த்தாள். குடத்தைக் குனிந்து எடுக்கக்கூட நேரம் காணாது.

அவர்களிடம் யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. கேட்டதற்கு, தண்டவாளத்தைத் தாண்டுவதே தப்பு, தப்பு செய்கிறவர்களுக்குத் தபால் வேறு போட வேண்டுமா என்று சிரித்தார் மேலதிகாரி.

நியாயம்தான். ஆனால் ஓட்டப் போவது அவர் இல்லையே.

வளைவு வந்தது. வேகமுள் எழுபதைத் தாண்டியது. தூரத்தில் சேலைகள் தெரிந்தன. ஒருத்தியும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மனசு கேட்கவில்லை. பிரேக் போட்டாள்.

ஐம்பது.

முப்பது.

இருபது.

படியில் தொங்கிக்கொண்டு வருகிறவர்கள் வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். திட்டட்டும். ஏன் தாமதம் என்று மேலிடத்தில் விளக்கம் கேட்பார்கள். கேட்கட்டும்.

ஹாரனை விடாமல் அடித்தாள். விலகுங்கள், இனிமேல் இப்படி இருக்காது, விலகுங்கள்.

அவர்கள் கையசைத்தார்கள். பெண் ஓட்டுகிற வண்டி என்று அவர்களுக்கு அடையாளம் தெரியும். ஹாரனைத் தங்களுக்கு வைத்த வணக்கமாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தி, இடுப்பிலிருந்த குழந்தையின் கையையும் பிடித்து ஆட்டினாள்.

சாவகாசமாகத் தாண்டினார்கள். ஒருவர் விடாமல்.

அப்பாடா என்றிருந்தது. கண்ணில் நீர் முட்டியது. செய்தது சரிதான் என்று சொல்லிக்கொண்டாள்.

கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு செல்லையா போனில் வந்தார்.

“என்னம்மா, பலகையத்தான் எடுத்துட்டாங்களே, ஏன் இன்னும் உருட்டுற?” கோபமில்லை, சிரித்துக்கொண்டுதான் கேட்டார். “இந்தப் பொம்பளைங்களைப் பாரேன். நம்ம வண்டி தாண்டுனதும் தண்டவாளத்து மேலயே குடத்தை எறக்கி வச்சுட்டு ஊர்க்கதை பேசுறாங்க. அடுத்த வண்டியும் ஊர்ந்துதான் வரும்னு அவ்வளவு நம்பிக்கை.”



அடுத்த வண்டி பின்னாலேயே வருகிறது. ஓட்டி வருகிறவர் எண்பது என்றால் எண்பதில்தான் வருவார். வர வேண்டியதும் அப்படித்தான்.

அடிப்பாவி, என்ன காரியம் செய்துவிட்டாய்.

அவர்களுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டிய ஒரே காலை இது. சந்தேகமே வேண்டாம் என்று ஓட்டிக் காட்டிவிட்டு வந்திருக்கிறாள்.

வண்டியை நிறுத்தினாள். ஸ்டேஷன் இல்லாத இடத்தில், அத்தனை ஜனத்தோடு. இது நிற்கிறவரை பின்னால் சிக்னல் சிவப்பு. பின்னால் வருகிறவரும் நின்றாக வேண்டும். ஆனால் எவ்வளவு நேரத்துக்கு நிற்க விடுவார்கள்?

“ஏம்மா, நிறுத்திட்ட? என்னாச்சு?”

“எறங்குங்க சார். அவங்ககிட்ட ஓடிப் போய்ச் சொல்லுங்க.”

“என்னன்னு சொல்ல?”



“நான் ஓட்டுனது பொய்னு சொல்லுங்க.”