இன்னொரு தடவை காட்டுங்க, சார்

"தட்டோட முதுகை மறந்துடாதே. எல்லாரும் முகத்தை மட்டும் கழுவிட்டு வெச்சிடுவாங்க, எண்ணெய் பூரா முதுகுலதான் இருக்கும். நல்லா பாத்துக்கோ," என்று மாஸ்டர் தட்டைத் திருப்பிப் போட்டுத் தேய்த்துக் காட்டினார்.

தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரோபோ, அவர் குழாயை மூடியதும் தலையை ஆட்டி, "புரியல சார். இன்னொரு தடவை காட்டுங்க," என்றது.

மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த தட்டை எடுத்தார். ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். பிரேக் எது, ஆக்ஸிலேட்டர் எது என்று தெரியாமல் வந்த பல் டாக்டரையே லைசென்ஸ் வாங்க வைத்த மனிதர், போயும் போயும் ஒரு அட்டைப்பெட்டித் தலையனிடம் தோற்பதா?

அந்த ரோபோவைச் செய்தவள் அவருடைய ஏழாம் வகுப்பு மகள். வீட்டில் அவளுக்கு வாண்டு என்று பெயர். பள்ளிக்கூடம் விட்ட பிறகு மாணவிகளுக்கென்று ரோபோ வகுப்பு ஆரம்பித்தபோது, மாஸ்டர் ஒரே வார்த்தையில் முடியாது என்றுவிட்டார்.

அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் மாலை டியூட்டி. வாண்டும் வகுப்புக்குக் கிளம்பிவிட்டால் பாத்திரம் யார் கழுவுவது, துணி யார் மடிப்பது என்று கேட்டார். அந்த நேரத்தில் வீட்டில் தானும் ஒரு ஆள் சும்மா இருப்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

வாண்டு அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. அந்த வேலைக்கு ஒரு ரோபோவையே பழக்கிவிடுவதாகவும், வருஷக் கடைசியில் பள்ளிக்கூடத்தில் நடக்கும் கண்காட்சி வரைக்கும் தவணை வேண்டும் என்றும் கேட்டாள். அதற்குள் தேறாவிட்டால் வகுப்புக்கு முழுக்குத்தான் என்று மாஸ்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

வந்து சேர்ந்த ரோபோவுக்கு பிஸ்கட் டின் உடம்பு. கண்ணுக்கு, அம்மாவின் பழைய கோட்டிலிருந்து பிய்த்த இரண்டு கறுப்புப் பொத்தான்கள். கை இல்லையே என்று மாஸ்டர் கேட்டதற்கு, முதலில் பாடம் மண்டையில் ஏற வேண்டும், கை அப்புறம்தான் மாட்டுவார்கள் என்றாள். அவருக்கு அது நியாயமாகவே பட்டது. அவரும் வந்த அன்றைக்கே யாரையும் ஸ்டியரிங்கைத் தொட விடுவதில்லை.

மிஷின் என்றால் அது இருக்கப்போகிற வீட்டு ஆட்களின் குணம் தெரிந்து பேச வேண்டும், இல்லாவிட்டால் மூலையில் தூசிதான் படியும் என்பது வகுப்பில் மிஸ் நடத்திய முதல் பாடம். வாண்டு அதைச் சிக்கென்று பிடித்துக்கொண்டாள். 'சார்' போட்டு யாராவது சந்தேகம் கேட்டால், அவள் அப்பா சோறு தண்ணி மறந்து சொல்லிக்கொடுப்பார்.

சொல்லிக்கொடுத்தார். வாண்டு சாயங்காலமெல்லாம் வகுப்பில் இருக்க, இவர் தொட்டியே கதி என்று கிடந்தார். அடிப்பிடித்த சட்டியை ஊறவைத்துச் சுரண்டும் சூட்சுமத்தை அவரே கண்டுபிடித்தார்.

"துணி மடிக்கறதையும் காட்டிப் பாருங்களேன். பாத்திரம் ஏறாத மண்டையில துணி ஏறினாலும் ஏறும்," என்று ஒருநாள் டியூட்டிக்குக் கிளம்பும்போது அம்மா சொல்லிவிட்டுப் போனாள். முகத்தில் சிரிப்பே இல்லை. மாஸ்டர் மடித்துக் காட்டினார், அப்படியே வீட்டைப் பெருக்கியும் காட்டினார். மாணவன் மட்டும் அதே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தான்.

கண்காட்சிக்கு அவரே அதை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனார். மற்றப் பெண்களின் மிஷின்கள் ஓடின, பாடின. ஒன்று தலைமையாசிரியையின் கால் மேல் ஏறி இறங்கியது. இவருடைய சீடன் பிடித்துவைத்த பிள்ளையாராக உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்ற மகளைப் பார்க்க மாஸ்டருக்குப் பாவமாக இருந்தது. அப்படி ஒரு நிபந்தனையை ஏன் போட்டோம் என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

மிஸ் வந்ததும் அவர் முந்திக்கொண்டார்.

"பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல மிஸ். மிஷின்தான் கொஞ்சம் மந்தம். அடுத்த வருஷமும் அவ வகுப்புக்கு வரட்டும், நான் பொறுமையா இதைத் தேத்திக் காட்டறேன். இதுவரைக்கும் ஒருத்தரையும் நான் பாதியில விட்டதில்ல."

வாண்டு சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வந்தவர்கள் டீ குடித்துவிட்டு மேஜையில் வைத்த கோப்பைகளை அவர் கை தன் பாட்டுக்கு அடுக்க ஆரம்பித்தது. அடுக்கியதைத் தூக்கிக்கொண்டு தாழ்வாரக் கோடியில் இருந்த குழாய்ப் பக்கம் போனார்.

மிஸ் ரோபோவின் டின்னைத் திறந்து பார்த்தார். பேச்சோ குழாய்ச் சத்தமோ நின்றதா என்று கேட்க ஒரு மைக், தலையாட்ட ஒரு மோட்டார், அந்த இரண்டு வாக்கியத்தைச் சொல்ல ஒரு ஸ்பீக்கர். உள்ளே அவ்வளவுதான்.

"என்னடி இது? கேமராவே இல்ல, கண்ணு ரெண்டும் வெறும் பொத்தான். இது எதைப் பாத்துக் கத்துக்கும்?"

"இது கத்துக்கறதுக்குச் செஞ்சது இல்ல மிஸ்."

"வீட்டு வேலைக்கு ஒண்ணைப் பழக்கியிருக்கேன்னு சொன்னியே, அது எங்க?"

வாண்டு குழாய்ப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"கோப்பை கழுவிட்டு இருக்காரு மிஸ், இப்ப வந்துருவாரு."